44-வது ஸ்குவாட்ரன்: லடாக்கிற்கு டாங்க், சாங்கா மாங்காவில் குண்டு, மாலத்தீவில் இரவுத் தரையிறக்கம்

1962-ல் லடாக்கிற்கு டாங்குகளை ஏற்றிப் போனது, 1971-ல் பாகிஸ்தானில் குண்டு போட்டது, 1988-ல் மாலத்தீவில் போய் இறங்கியது எல்லாம் ஒரே சரக்கு விமானப் பிரிவுதானா, அப்படியென்றால் விமானமும் ஒன்றேதானா என்று கேட்டிருந்தீர்கள். பிரிவு ஒன்றுதான்: இந்திய விமானப் படையின் 44-வது ஸ்குவாட்ரன். விமான ரகம் இரண்டு. முதல் இரண்டு வேலையையும் செய்தது சோவியத் நாட்டின் ஏஎன்-12. மாலத்தீவுக்குப் போனது அதே நாட்டின் பெரிய ஜெட் சரக்கு விமானமான ஐஎல்-76.

ஆனால் இந்த மூன்று சம்பவத்தை மட்டும் வரிசையாகச் சொன்னால் அந்த ஸ்குவாட்ரன் பிடிபடாது. பெயர் வாங்கிக் கொடுத்தவை இவை. மற்ற நாட்களில் அவர்கள் செய்தது அரிசி, மண்ணெண்ணெய், தோட்டா, விடுப்பு முடிந்து திரும்பும் சிப்பாய்கள் என்று ஏற்றிக்கொண்டு சண்டிகரிலிருந்து இமயமலையைத் தாண்டி லே போய் இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பி வருவது. அந்த ஓட்டத்தில் கிடைத்த கைப்பழக்கம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மூலதனம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1959 அக்டோபரில் கொங்கா கணவாயில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இந்தியக் காவலர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு லடாக் எல்லை ராணுவத்தின் பொறுப்புக்கு வந்தது. படையை அனுப்பலாம், சரி, அதற்குச் சோறு போடுவது எப்படி? ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையிலும் சோஜி லா கணவாய் குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும். ஆகவே ஆண்டில் பாதி நாள் ஆகாயம்தான் வழி. 1948 மே மாதம் ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவைக் கூட்டிக்கொண்டு டகோட்டா என்ற சிறு சரக்கு விமானத்தில் லேயில் இறங்கி, அது முடியும் என்று காட்டியிருந்தார். ஆனால் டகோட்டா சுமக்கக்கூடியது இரண்டு, மூன்று டன். அதற்கு அடுத்து வந்த பாக்கெட் விமானத்துக்கு முதுகில் ஒரு ஜெட் என்ஜினைக் கூடுதலாகப் பொருத்தி மலைக்கு ஓட்டினார்கள். அந்த பாக்கெட்தான் 1962 ஜூலையில் 16,600 அடி உயரத்தில் இருக்கும் தவுலத் பேக் ஓல்டியில் போய் இறங்கியது. அருமையான வேலைதான், ஆனாலும் ஒரு படையணியையே தாங்கிப் பிடிக்க அந்தச் சுமை போதாது.

இந்த நிலையில்தான் ஏஎன்-12 வாங்கப்பட்டது. அதற்கென்றே 1961 ஏப்ரல் 6 அன்று 44-வது ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. சண்டிகர் அதன் தளம். அன்றைக்கு அந்த விமானம் புத்தம் புதிது. 1957 டிசம்பரில்தான் முதல் தடவை பறந்திருந்தது.

கீவ் நகரில் இருந்த அன்டோனோவ் வடிவமைப்பு நிறுவனத்தின் படைப்பு அது. உடலுக்கு மேலே பொருத்திய இறக்கை, அதில் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் நான்கு டர்போப்ராப் என்ஜின், ஒவ்வொன்றும் சுமார் 4,000 குதிரைத்திறன். சமவெளியில் 20 டன் வரை தூக்கும். மூக்கில், வழி கணிக்கும் நேவிகேட்டருக்குக் கண்ணாடிக் கூண்டு, வாலில் துப்பாக்கி மாடம். மலைக்குப் போகிறவர்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. விமானிகள் அறையிலும் அதை ஒட்டிய சிறு அறையிலும் மட்டும்தான் காற்றழுத்தம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பின்னால் உள்ள பெரிய சரக்கு அறையில் அது கிடையாது. மலைத்தொடரைத் தாண்ட இருபதாயிரம் அடிக்கு மேல் ஏறினால், சரக்கு அறையில் உட்கார்ந்திருக்கும் சிப்பாய்க்கு வெளியே உள்ள அதே மெல்லிய காற்றுதான். ஆக்சிஜன் முகமூடி, கம்பளிக் கோட்டு, தகரத்தில் அடிக்கும் குளிர், நான்கு என்ஜின் இரைச்சல். லடாக்கில் பணி செய்த ஒரு தலைமுறைச் சிப்பாய்கள் இப்படித்தான் போய் வந்தார்கள்.

இனி டாங்க் விஷயம்.

1962 அக்டோபர் 20-ல் சீனாவுடன் போர் வெடித்தது. பாங்காங் ஏரிக்குத் தெற்கே இருக்கும் சுஷுல் விழுந்தால் லேவுக்கான வழி திறந்துவிடும். சுஷுலில் ஒரு விமானத்தளம் இருந்தது, ஆனால் அதன் உயரம் 14,000 அடிக்கும் மேல். அங்கே டாங்க் வேண்டும் என்று முடிவானபோது தேர்வு செய்ய அதிக வழியில்லை. இந்திய ராணுவத்திடம் இருந்த செஞ்சூரியன் ஐம்பது டன், ஷெர்மன் முப்பது டன். இரண்டும் ஏஎன்-12-க்கு ஆகாது. மிச்சம் இருந்தது பிரெஞ்சுத் தயாரிப்பான ஏஎம்எக்ஸ்-13 என்ற இலகு டாங்க், சுமார் 15 டன். 20 லான்சர்ஸ் படையணியின் ஆறு டாங்குகள் அக்டோபர் 25 அன்று சண்டிகரிலிருந்து சுஷுலுக்கு ஏஎன்-12-ல் கொண்டுபோகப்பட்டன.

ஒரு வரியில் சொல்லிவிடலாம். செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் ஏற்றுவது. இன்றைய ராணுவச் சரக்கு விமானங்களில் பின்கதவே கீழே சாய்ந்து சரிவுப் பாதையாகிவிடும், வண்டி நேராக உள்ளே ஓடும். ஏஎன்-12-ல் அது கிடையாது. அதன் பின்கதவு நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்து உட்பக்கமாக மேலே மடங்கும். சரிவுப் பாதையைத் தனியாகக் கொண்டுவந்து பின்னால் மாட்ட வேண்டும். அதில் டாங்க் ஏறும்போது முழு எடையும் விமானத்தின் பின்முனையில் விழும், வாலைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும். உள்ளே போனதும் டாங்கின் எடை அதன் இரண்டு சங்கிலித் தடங்கள் வழியாகத்தான் தரைத் தகட்டில் இறங்கும். அவ்வளவு எடையைத் தகடு அப்படியே வாங்காது, பலகை பரப்பிப் பிரித்துவிட வேண்டும். அப்புறம் ஈர்ப்பு மையம். டாங்க் ஒன்றிரண்டு அடி தள்ளி நின்றால்கூட விமானத்தின் சமநிலை கெடும். இடம் பார்த்து நிறுத்தி, சங்கிலி போட்டு, நடுவானில் ஓர் அங்குலம்கூட நகராதபடி கட்ட வேண்டும்.

அதற்கு மேல்தான் உயரத்தின் பிரச்சினை. சுஷுலின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இறக்கையைத் தாங்கக் காற்று குறைவு என்றால் அதை ஈடுகட்ட வேகம் கூட வேண்டும். கணக்குப் போட்டால் தரையைத் தொடும்போது விமானம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு அதிக வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நிற்பதற்கான தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளம் தேவை. அதே நேரம் என்ஜினும் மூச்சு வாங்கும். இறங்கும்போது ஏதாவது தப்பாகி மறுபடி மேலே எழும்ப நினைத்தால், சமவெளியில் இருக்கும் சக்தி அங்கே இருக்காது. சுற்றிலும் மலை வேறு. முதல் முயற்சியிலேயே சரியாக இறக்கியாக வேண்டும். விமானத்துக்குள் கட்டி வைத்த ஒரு டாங்க் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆறும் போய்ச் சேர்ந்தன. நவம்பர் 18-ல் சீனத் தாக்குதல் வந்தபோது அந்த டாங்குகள் குருங் குன்றுப் பகுதியில் சண்டையிட்டன. அதே நாள் அதிகாலை தெற்கே ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் 13 குமாயூன் கம்பெனி கிட்டத்தட்ட முழுவதுமாக மடிந்தது. அங்கே டாங்கோ பீரங்கியோ உதவிக்கு எட்டவில்லை. ஆறு டாங்கை வைத்து ஒரு போரின் போக்கை மாற்றிவிட முடியாது, மாறவும் இல்லை. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. புது ரக விமானத்தில் ஒன்றரை ஆண்டு மட்டுமே அனுபவமுள்ள ஒரு ஸ்குவாட்ரன், அந்த வகை விமானம் எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அதன் விளிம்பில் நின்று அந்த வேலையை முடித்தது.

போர் முடிந்த பிறகு ஓட்டம் குறையவில்லை, கூடியது. 1963-ல் சண்டிகரிலேயே 25-வது ஸ்குவாட்ரன் என்று இரண்டாவது ஏஎன்-12 பிரிவும் தொடங்கப்பட்டது. லேயின் விமானத்தளம் 10,600 அடிக்குச் சற்று மேலே, சிந்துப் பள்ளத்தாக்கில். அங்கே ஓடுதளம் சரிவானது. ஒரு பக்கமாக ஏற்றத்தில் இறங்கி, எதிர்ப்பக்கமாக இறக்கத்தில் கிளம்புவதுதான் முறை. எல்லாம் காலையிலேயே முடிந்தாக வேண்டும். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும், அதோடு சூடான காற்று இன்னும் மெலியும், கிளம்பும்போது தூக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே போகும். அதனால் சண்டிகரில் இருட்டோடு சரக்கு ஏற்றி, முதல் வெளிச்சத்தில் கிளம்பி, மலையைத் தாண்டி, லேயில் இறக்கி, உடனே கிளம்பிவிடுவார்கள். இப்படிப்பட்ட உயரத் தளங்களில் சரக்கு இறக்கும்போது என்ஜினை அணைக்காமல் ஓடவிட்டே வைத்திருப்பது வழக்கம். அந்தக் குளிரிலும் மெல்லிய காற்றிலும் அணைத்த என்ஜின் மறுபடி பிடிக்காமல் போனால் விமானம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இந்த ஓட்டத்தைச் சாகசக் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து 102 பேருடன் லே கிளம்பிய பிஎல்-534 என்ற ஏஎன்-12, மோசமான வானிலையால் பாதியில் திரும்ப முடிவு செய்தது. ரோதாங் கணவாய்ப் பக்கம் வந்தபோது தொடர்பு அறுந்தது. தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ராணுவத்தினர். முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2003-ல், மணாலி மலையேற்ற நிறுவனத்தின் குழு ஒன்று லாஹௌல் பகுதியில் டாக்கா பனியாற்றில் விமானத்தின் சிதைவுகளையும் ஒரு சிப்பாயின் உடலையும் கண்டது. பனியாறு மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பது. மேலே புதைந்ததைப் பல பத்தாண்டு கழித்துக் கீழே கொண்டுவந்து காட்டும். அதன் பிறகும் ராணுவம் பல முறை தேடிப் போனது. 2024 செப்டம்பர் இறுதியில் நான்கு உடல்கள் கிடைத்தன. அதில் ஒருவர் கேரளத்துக்காரர், இறக்கும்போது 22 வயது. 56 ஆண்டுக்குப் பிறகு அவருடைய உடன்பிறந்தவர்கள் சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். 102 பேரில் அதுவரை மீட்கப்பட்ட உடல்கள் பத்தைக்கூடத் தாண்டவில்லை. 1978 நவம்பரில் லேயில் இறங்கும்போது இன்னொரு ஏஎன்-12 விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லடாக்கில் ஒரு படையை நிறுத்தி வைத்ததன் விலையில் இவர்களும் சேர்த்தி, ஆனால் போர் நினைவுப் பட்டியல்களில் இவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு.

1971-க்கு வருவோம். உங்கள் கேள்வியில் பலருக்கும் நம்பமுடியாத பகுதி இதுதான்.

சரக்கு விமானத்தில் குண்டு போடுவது முழுக்கப் புதிய யோசனை அல்ல. 1965 போரில் பாகிஸ்தான் தன் சி-130 விமானங்களை அப்படிப் பயன்படுத்தியிருந்தது. இந்தியாவிடம் இருந்த உண்மையான குண்டுவீச்சு விமானம் கான்பெரா. அதன் எண்ணிக்கையும் அளவுதான், ஒரு தடவை சுமக்கும் குண்டும் அளவுதான். ஏஎன்-12-க்கோ வயிறு பெரிது. அப்போது 44-வது ஸ்குவாட்ரனின் கமாண்டிங் ஆபீசர் விங் கமாண்டர் வித்யா பூஷண் வசிஷ்ட். மலைச் சாவடிகளுக்குச் சரக்கைப் பின்கதவு வழியாகத் தள்ளிவிடும் வேலையை இவர்கள் அன்றாடம் செய்துவந்தார்கள். எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எப்போது தள்ளினால் எங்கே விழும் என்பது அவர்களுக்குப் பாடம். சரக்குக்குப் பதில் குண்டு, பாராசூட் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட முடியாதுதான். குண்டு ஒன்றோடொன்று மோதாமல் வரிசையாக வெளியே போக வேண்டும், கடைசிக் குண்டு போகும்வரை விமானத்தின் சமநிலை மாறிக்கொண்டே இருக்கும், குறி பார்ப்பதும் புதிதாகப் பழக வேண்டிய வித்தை. ஆனால் அடிப்படை அவர்கள் கையில் இருந்தது. பின்கதவு உட்பக்கமாக மடங்குவது, டாங்க் ஏற்றும்போது தொல்லையாக இருந்த அந்த அமைப்பு, இங்கே வசதியாகிவிட்டது. பறக்கும்போது கதவைத் திறந்தால் வெளியே எதுவும் தொங்காது, குண்டு தட்டாமல் விழும்.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானப் படை இந்தியத் தளங்களைத் தாக்கியது. அன்று இரவே வசிஷ்ட் தலைமையில் ஏஎன்-12-கள் லாகூருக்குத் தெற்கே உள்ள சாங்கா மாங்கா காட்டுக்குப் போயின. மனிதர் நட்டு வளர்த்த பெரிய காடு அது. மரங்களுக்கு அடியில் பாகிஸ்தான் ராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்குகள் இருந்தன. பரப்பிக் கிடக்கும் இலக்கு, துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அளவு முக்கியம். சரக்கு விமானத்துக்குப் பொருத்தமான வேலை என்றால் இதுதான். ஆனால் போய் வருவது அப்படி இல்லை. ஏஎன்-12 பெரிய உருவம், வேகம் குறைவு, திருப்பினால் மெதுவாகத்தான் திரும்பும். எதிரி ஜெட் ஒன்று பார்த்துவிட்டால் தப்பிப்பது கடினம். இருட்டுதான் பாதுகாப்பு. அந்த ஆபத்தைத் தாண்டித் திரும்பி வந்தார்கள்.

தொடர்ந்த நாட்களில் காஷ்மீரின் ஹாஜி பீர் பகுதியில் இருந்த பீரங்கி நிலைகள் மீதும் இதேபோல் குண்டு போட்டார்கள். கடைசியாக டிசம்பர் 17 அன்று, வடக்கே பாகிஸ்தான் வசம் இருந்த ஸ்கர்து விமானத்தளம். பலர் சாங்கா மாங்காவைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். என் கணிப்பில் ஸ்கர்துதான் அந்த ஸ்குவாட்ரனின் முத்திரை. 7,300 அடி உயரத்தில், சுற்றிலும் காரகோரம் மலைகள், நடுவில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. சமவெளியில் பழகிய குண்டுவீச்சு விமானிக்கு அந்த வழியே புதிது. இவர்களுக்கோ அது லே போகும் வழியின் மறுபக்கம் மாதிரிதான். பத்து ஆண்டு சரக்கு ஓட்டிய அனுபவம் அங்கே ஆயுதமாக மாறியது. வசிஷ்டுக்கு, போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா கிடைத்தது. சரக்கு விமானம் ஓட்டுகிறவருக்குப் போரில் அந்த உயரத்து விருது கிடைப்பது அபூர்வம்.

கிழக்கே, இன்றைய வங்கதேசத்தில், டிசம்பர் 11-ல் டாங்காயிலில் 2-வது பாராசூட் படையணியை இறக்கியபோது டகோட்டா, பாக்கெட், கரிபூ விமானங்களோடு ஏஎன்-12-களும் பறந்தன. அது தனிக் கதை, பெரிய கதை. இங்கே குறிப்பிட்டுவிட்டு நகர்கிறேன்.

எழுபதுகளின் முடிவில் ஏஎன்-12-க்கு வயதாகிவிட்டது. இருந்தாலும் 1984 ஏப்ரலில் சியாச்சின் பனியாற்றில் இந்தியா ஏறியபோது, மேலே போன படைக்குச் சரக்கு கொண்டுபோனவற்றில் ஏஎன்-12-ம் ஒன்று. 1985-ல் 44-வது ஸ்குவாட்ரன் ஐஎல்-76-க்கு மாறியது, தளமும் ஆக்ராவுக்கு மாறியது. விமானத்துக்குக் கஜராஜ் என்று பெயர் வைத்தார்கள். இமாலயன் கீஸ் என்று அழைக்கப்பட்டுவந்த பிரிவு மைட்டி ஜெட்ஸ் ஆனது. மிச்சமிருந்த ஏஎன்-12-கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தோடு விடைபெற்றன.

ஐஎல்-76-ல் ஏறிப் பார்த்தவர்களுக்கு முன்னதற்கும் இதற்கும் உள்ள தூரம் உடனே தெரியும். நான்கு ஜெட் என்ஜின். நாற்பது டன்னுக்கு மேல் சுமை, அதாவது ஏஎன்-12 சுமப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். சரக்கு அறை முழுவதிலும் காற்றழுத்தம் உண்டு, சிப்பாய்க்கு முகமூடி வேண்டாம். பின்கதவே சரிவுப் பாதை. கூரையில் மின்சாரத்தில் ஓடும் தூக்கிகள் இருப்பதால், கிரேன் இல்லாத தளத்திலும் பெட்டிகளைத் தானே தூக்கி வைத்துக்கொள்ளும். மொத்தம் இருபது சக்கரம், எடையைப் பரப்பிக் கொடுக்க. தளத்தின் தன்மைக்கு ஏற்ப டயரின் காற்றைப் பறக்கும்போதே கூட்டிக் குறைக்கலாம். சரியான தார் ஓடுதளம் இல்லாத சைபீரியாவை மனதில் வைத்துச் செய்த விமானம் அது. லடாக்குக்கும் பொருந்தியது.

மாறிய இரண்டே ஆண்டில் வேலை வந்தது. 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அடுத்த நாளே யாழ்ப்பாணத்தின் பலாலி விமானத்தளத்துக்கு இந்தியப் படை. அந்த விமானப் போக்குவரத்தில் ஐஎல்-76-களும் இருந்தன. அடுத்துவந்த மாதங்களில் என்ன ஆனது என்பது யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பலாலியில் இறங்கிய விமானங்களை அவர்கள் நினைவில் வைத்திருக்கும் விதமும் வேறு. ஒரு விமானப் பிரிவின் வரலாற்றைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன்: அதற்கு முன், ஜூன் 4 அன்று பூமாலை நடவடிக்கையில் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொருட்களைப் போட்டவை ஐந்து ஏஎன்-32 விமானங்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பலர் ஏஎன்-12 என்று எழுதிவிடுகிறார்கள்.

1988 நவம்பர் 3. அன்று அதிகாலை மாலத்தீவின் தலைநகர் மாலேயில், அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவுக்காரரின் ஏற்பாட்டில் போன, இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட் இயக்கத்தினர், அரசைக் கவிழ்க்கும் முயற்சியில் இறங்கினார்கள். அதிபர் மவ்மூன் அப்துல் கயூம் ஒளிந்துகொண்டு உதவி கேட்டார். இந்தியா ஒப்புக்கொண்டது. அதே நாள் மாலை ஆக்ராவிலிருந்து 44-வது ஸ்குவாட்ரனின் இரண்டு ஐஎல்-76-கள், 50-வது தனிப் பாராசூட் படையணியினரை ஏற்றிக்கொண்டு கிளம்பின. ஸ்குவாட்ரன் தலைவர் குரூப் கேப்டன் அனந்த் பேவூர் தானே முதல் விமானத்தில் இருந்தார்.

கேட்கும்போது எளிதாக இருக்கும். அவர்கள் கையில் இருந்த தகவலைப் பாருங்கள். ஆக்ராவில் திட்டம் போட்டபோது மேஜையில் இருந்த விமானத்தளப் படமே தப்பு. அது தெற்கே நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் கான் தீவின் பழைய பிரிட்டிஷ் தளம். மாலத்தீவுக்கான இந்தியத் தூதர் ஏ. கே. பானர்ஜி அப்போது தற்செயலாக டெல்லியில் இருந்தார். அவரை ஆக்ராவுக்கு வரவழைத்திருந்தார்கள். அவர்தான் பார்த்ததும், இது மாலேயின் விமானத்தளம் இருக்கும் ஹுலுலே இல்லை என்று சொன்னார். ஊரும் தளமும் தெரிந்தவர் என்பதால் அவரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டார்கள். ஹுலுலே என்பது கடல் நடுவே ஒரு சின்னத் தீவு, கிட்டத்தட்ட ஓடுதளம்தான் தீவே. அது யார் கையில் இருக்கிறது என்பது உறுதியில்லை. ஓடுதளத்தில் தடைகள் போட்டிருந்தால் பாராசூட்டில் குதிப்பது என்று மாற்றுத் திட்டம் இருந்தது, ஆனால் அந்தச் சின்னத் தீவில் இரவில் குதித்தால் பாதிப் பேர் கடலில்.

சுமார் 2,600 கிலோமீட்டர் பறந்து இரவில் போய்ச் சேர்ந்தார்கள். தீவு இருட்டில் கிடந்தது. கேட்டுக்கொண்டபடி ஓடுதள விளக்குகள் சில விநாடி மட்டும் எரிந்து அணைந்தன. அந்தச் சில விநாடியில் திசையையும் சரிவையும் மனதில் வாங்கிக்கொண்டு பேவூர் விமானத்தை இறக்கினார். கொஞ்சம் தள்ளித் தொட்டிருந்தால் முன்னாலும் பின்னாலும் தண்ணீர். நின்றதும் படையினர் இறங்கித் தளத்தைப் பிடித்தார்கள், இரண்டாவது விமானமும் இறங்கியது. அங்கிருந்து படகுகளில் மாலே போய், விடிவதற்கு முன்பே கயூமைப் பாதுகாப்பாக அடைந்தார்கள். பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பியவர்களைக் கடற்படையின் ஐஎன்எஸ் கோதாவரி துரத்திப் பிடித்தது.

இங்கேயும் அதே பழக்கம்தான் கைகொடுத்தது என்பது என் எண்ணம். மறுமுயற்சிக்கு இடமில்லாத தரையிறக்கம், தரையில் என்ன இருக்கிறது என்று முழுத் தகவல் இல்லாமல் போவது. லே ஓட்டம் கற்றுக்கொடுத்தது இவற்றைத்தான். மலை இருந்த இடத்தில் கடல் இருந்தது.

அதற்குப் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் 2004 ஆழிப்பேரலையிலும் ஐஎல்-76-கள் நிவாரணம் சுமந்தன. 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்தபோது, 25 டன் உதவிப் பொருளோடு ஒரு ஐஎல்-76 ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் தளத்தில் போய் இறங்கியது. இந்திய ராணுவ விமானம் ஒன்று அமெரிக்காவுக்குப் பேரிடர் உதவி கொண்டுபோன காட்சி அன்று பலருக்கும் புதிது. 2013 முதல் ஹிண்டன் தளத்தில் 81-வது ஸ்குவாட்ரனின் சி-17 விமானங்கள் வந்துவிட்டதால் மிகக் கனமான சுமைகள் பெரும்பாலும் அதற்குப் போய்விட்டன. 2020-ல் கல்வான் மோதலுக்குப் பிறகு லடாக்கிற்கு டாங்குகளும் கவச வாகனங்களும் மறுபடி ஆகாய வழியாகப் போனபோது சி-17-ம் ஐஎல்-76-ம் சேர்ந்தே பறந்தன. ஏஎம்எக்ஸ்-13-ன் 15 டன்னுக்கே அவ்வளவு பாடுபட்ட அதே மலைக்கு, இப்போது நாற்பது டன்னைத் தாண்டிய டாங்குகள் போகின்றன.

கடைசியாக, இணையத்தில் சுற்றும் படங்களில் எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி. நான்கு ப்ரொப்பெல்லர், கண்ணாடி மூக்கு, வாலுக்கு அடியில் துப்பாக்கி மாடம் இருந்தால் ஏஎன்-12. இரண்டே என்ஜின், அதுவும் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்ததுபோல் இருந்தால் ஏஎன்-32. நம் சூலூரில் இருக்கும் 33-வது ஸ்குவாட்ரன் ஓட்டுவது இதைத்தான், 2016-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போகும் வழியில் 29 பேரோடு வங்கக் கடலில் விழுந்ததும் இந்த ரகம்தான். இறக்கைக்கு அடியில் நான்கு ஜெட் தொங்கி, வாலின் உச்சியில் குறுக்குச் சிறகு இருந்தால் ஐஎல்-76 அல்லது சி-17. மூக்குக்குக் கீழே கண்ணாடி இருந்தால் ஐஎல்-76, இறக்கையின் நுனி மேல்நோக்கி மடங்கியிருந்தால் சி-17. சுஷுலில் டாங்க் இறங்குவதாகச் சொல்லி நான்கு ஜெட் என்ஜின் உள்ள படத்தை யாராவது போட்டால், அது 1962 படம் அல்ல.